கொஞ்சம் அரக்கி நில்லுங்கோ

புரட்டாதி பிறந்து இலைகள் பழுக்கத் தொடங்கியதும் டென்மார்க்கின் சில்க்போர்க் நகரைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளில் அவரைக் காணலாம். குப்புறப் படுத்திருப்பார். பதறிப்போய் அம்புலன்சுக்கு அடித்துவிடாதீர்கள். மூச்சு இருக்கிறது, கமரா ஆடக்கூடாது என்பதற்காக அவராகவே அதைப் பிடித்து வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு முக்காலி நிற்கும். சற்றுத் தள்ளி ஒரு மனைவி நிற்பார். வீட்டுக்குப் புறப்படும்போது முக்காலியை அந்தக் கமராக்காரர் ஒருநாளும் மறந்ததில்லை.

இவர்தான் காட்சி பிடிக்கிறவர். கல்யாண வீட்டிலும் பிறந்தநாளிலும் "இஞ்ச பாருங்கோ, சிரியுங்கோ" என்று நம் உயிரை வாங்குகிற படப்பிடிப்பாளரோடு இவரைச் சேர்த்துவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார். இவருக்கு வேண்டியது மலை, மரம், தண்ணீர், தண்ணீருக்குள் விழுந்த மலை, தண்ணீருக்குள் விழுந்த மரம். மனிதர் வேண்டாம். மனிதர் வந்தால் காட்சி கெட்டுவிடும். ஆகவே அவர் வாயில் எந்நேரமும் இருப்பது ஒரே வசனம்தான்: "கொஞ்சம் அரக்கி நில்லுங்கோ." நாமெல்லாம் கதிரையை அரக்கி வைப்போம், அலுமாரியை அரக்கி வைப்போம். இவர் பெண்டாட்டி பிள்ளையை அரக்கி வைப்பார். எவ்வளவு தூரம் அரக்க வேண்டும் என்று கேட்கிறீர்களா? படத்தில் தெரியாத தூரம்.

டென்மார்க்கில் மலை ஏது என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி, ஆனால் அவர் முன்னால் கேட்டுவிடாதீர்கள். சில்க்போர்க்குக்குப் பக்கத்தில் ஹிம்மல்பியர் என்று ஒன்று இருக்கிறது. டெனிஷ் மொழியில் வானமலை என்று பொருள். நூற்றைம்பது மீற்றர்கூட இல்லாத ஒரு மேட்டுக்கு இப்படிப் பெயர் வைக்கத் துணிந்த மக்களை மெச்சத்தான் வேண்டும். உச்சி வந்தது தெரியாமல் மற்றப் பக்கத்தால் இறங்கிப் போனவர்களும் உண்டாம். ஆனால் அதே மேட்டை ஏரிக்கரையில் மூக்கு மண்ணில் முட்டப் படுத்துக்கொண்டு எடுத்துப் பாருங்கள். இமயமலை! தண்ணீருக்குள் தலைகீழாகக் கிடப்பதையும் சேர்த்துக்கொண்டால் உயரம் இரட்டிப்பு. காட்சி பிடிக்கிறவர்களுக்கு ஏரி மீது ஏன் இத்தனை காதல் என்று இப்போது விளங்குகிறதா?

நம்முடைய நித்தியானந்தன் அந்த இனத்தில் அசல் சரக்கு. வீடு சில்க்போர்க்கில், வேலை ஹோர்சன்ஸில் ஒரு தொழிற்சாலையில். மனைவி யோகம்மா கிளிநொச்சிப் பக்கம். இங்கே வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறார். ஒரே மகள் கிருசாந்தி, தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்கிற வயது.

ஊரில் சண்டை முடிந்த வருடத்தில்தான் நித்தியானந்தன் கமரா வாங்கினார். அந்த வைகாசிக்குப் பிறகு இங்கே ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக ஆனார்கள். சிலர் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் மேசையில் அடித்துக் கத்தினார்கள், சிலர் சங்கப் பக்கமே வராமல் விட்டார்கள், சிலர் கோயிலே கதி என்று கிடந்தார்கள். நித்தியானந்தன் மாசி தொடங்கிச் சித்திரை முடியும் வரை, இணையத்தில் வந்த படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, சண்டைக்குத் தப்பி ஓடி வந்த சனக்கூட்டத்துக்குள் மனைவியின் தங்கை அருமைநாயகியின் முகம் தெரிகிறதா என்று தேடியவர். அவளும் பிள்ளைகளும் உயிரோடு வவுனியா முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்ட செய்தி கிடைத்த கிழமை, இனி ஆள் இல்லாத படங்களைத்தான் பார்ப்பது என்று முடிவெடுத்தவர்போலப் போய் இந்தப் பெரிய கமராவை வாங்கிவந்தார். அதுவரை சரி. யார் குறை சொல்லப் போகிறார்கள்? ஆனால் ஐயா, ஆள் இல்லாத படம் என்றால் வீட்டு ஆளையுமா?

கமரா வந்த பிறகு வீடு வீடாக இல்லை. காலையில் எழுந்தால் காற்று எந்தப் பக்கம் என்ற ஆராய்ச்சி. மழை பெய்தால் துக்கம், வெயில் எறித்தால் பெருந்துக்கம், ஏனென்றால் வெயில் கூடினால் நிறம் வெளிறிவிடுமாம். வீட்டு அச்சு இயந்திரத்தில் சிவப்பு மையும் மஞ்சள் மையும் தீர்ந்துபோய் நீலம் மட்டும் மிஞ்சி, கிருசாந்தியின் பாடசாலைக் கட்டுரைகளெல்லாம் நீலமாகவே போயின. வீட்டுக்கு வருகிறவர்களின் நிலை இன்னும் மோசம். தொலைக்காட்சியில் ஏரிப் படங்களை ஓடவிட்டு, அவை முடிந்த பிறகுதான் தேத்தண்ணி. கூட வேலை செய்கிற கபிலன் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான்.

"அண்ணை, இது முந்திக் காட்டினதுதானே?"

"விசரே உனக்கு? அதில மேகம் இடப்பக்கம். இதில பார், மேகமே இல்லை."

"ஓம் ஓம், இப்ப தெரியுது" என்றான் கபிலன். வேறென்ன சொல்வான்? தேத்தண்ணி இன்னும் வரவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் முகாமிலிருந்து யாருடைய தொலைபேசியிலோ அருமைநாயகி கதைத்தாள்.

"அக்கா, உன்ர படம் ஒண்டு அனுப்பு. நீ அனுப்பின படங்களெல்லாம் ஒரு பையில வைச்சிருந்தனான். ஓடி வரேக்க எங்கயோ விட்டிட்டம். பெரியம்மா எப்பிடி இருப்பா எண்டு பிள்ளையள் கேக்குதுகள். எனக்கே இப்ப உன்ர முகம் சரியா வருகுதில்லை."

யோகம்மா போனை வைத்தார். பிறகு கணினியைத் திறந்தார். முன்பு எடுத்த நல்ல படங்களெல்லாம் தங்கைக்கே போய், தங்கையோடேயே ஓடி, வழியில் கிடக்கின்றன. கணினியில் இருந்ததோ இலை, மலை, தண்ணீர். ஒரு படத்தின் ஓரத்தில் அவருடைய முழங்கை. இன்னொன்றில் சேலைக் கரை. மற்றொன்றில் பிளாஸ்க்கைப் பிடித்த கை, அதுவும் பிளாஸ்க் சிவப்பு என்பதற்காகத் தப்பிப் பிழைத்திருந்தது.

நல்லவேளையாகக் கபிலன் அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் புறப்படுகிறான். அவனுடைய மாமனும் அதே முகாம்தான். ஹோர்சன்ஸ் முழுவதும் அவனிடம் பொதி கொடுத்து முடித்திருந்தது. "கடதாசிப் படம் எண்டாத் தாங்கோ அக்கா, கொண்டு போறன். இனி ஒரு சொக்கிலேற்றுக்கும் இடமில்லை" என்றான். சனிக்கிழமை பின்னேரம் வந்து வாங்கிக்கொள்வதாகவும் சொன்னான்.

நித்தியானந்தன் முழு மனதோடு ஒத்துழைக்க முன்வந்தார்.

"ஏரிப் படம் ஒண்டு பெரிசா அடிச்சு அனுப்புவம் யோகம். முகாமில இருக்கிறவைக்கு மனம் குளிரும்."

"அவள் கேட்டது என்ர முகத்தை" என்றார் யோகம்மா. "குளம் வவுனியாவிலயும் இருக்கு."

ஆகவே சனிக்கிழமை காலை ஏரிக்கரையில் படம் எடுத்து, மத்தியானம் கடைகள் பூட்ட முன்பு நகரத்தில் அச்சடித்து, பின்னேரம் கபிலனிடம் கொடுப்பது என்று முடிவாயிற்று. வீட்டுச் சுவருக்கு முன்னால் நிறுத்தி ஒரு நிமிடத்தில் எடுத்திருக்கலாமே என்கிறீர்கள். யோகம்மாவும் அதைத்தான் சொன்னார். சுவரா? இலை இப்படிப் பழுத்திருக்கிற நேரத்தில் சுவரா? காட்சி பிடிக்கிறவரைப் பார்த்து அப்படிக் கேட்பது கோயில் ஐயரிடம் மீன்குழம்பு கேட்பதற்குச் சமம்.

யோகம்மா குங்கும நிறச் சேலை உடுத்து, அதற்கு மேல் குளிர் யக்கற் போட்டு, றோல்ஸும் தேத்தண்ணியும் கட்டிக்கொண்டு வந்தார். கிருசாந்தியின் கைத்தொலைபேசியை வீட்டிலேயே வைக்கச் சொல்லிவிட்டார் தகப்பன். அது அடித்தால் மீன் துள்ளுமாம், மீன் துள்ளினால் தண்ணீர் கலங்குமாம். அந்தப் பிள்ளை கண்ணை மேலே உருட்டியது இன்னும் கீழே இறங்கவில்லை.

ஏரி கண்ணாடிபோல் இல்லை. லேசான காற்று. "முதல் காட்சி, பிறகு நீ" என்று சொல்லிவிட்டு நித்தியானந்தன் குப்புறப் படுத்தார். காற்று நிற்கக் காத்திருந்தார். காற்று நின்றது, மேகம் வந்தது. மேகம் போனது, தாராக்கள் வந்தன. தாரா என்கிற இந்த வாத்துச் சாதி காட்சி பிடிக்கிறவரின் பரம்பரை எதிரி. அது ஒரு முறை நீந்தினால் மலை முழுவதும் சுக்குநூறாகிவிடும். "சூ, சூ" என்று அவர் தமிழில் விரட்டினார். டெனிஷ் தாராக்கள் அசையவில்லை. கிருசாந்தி ஒரு றோல்ஸைப் பிய்த்துக் கரைக்கு எறிய, அவை ஒவ்வொன்றாகத் தண்ணீரை விட்டு ஏறி வந்தன. தகப்பன் மகிழ்ந்துபோய்த் தானும் அரைவாசி றோல்ஸைத் தின்று, மிச்சத்தைக் களுசான் பின்பொக்கற்றில் சொருகிக்கொண்டு மறுபடி படுத்தார்.

"இஞ்சேருங்கோ, நேரம் போகுது" என்றார் யோகம்மா. யக்கற்றைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டுச் சேலையைச் சரிசெய்து ஆயத்தமாக நின்றார்.

"இந்தா, இந்தா, வெளிச்சம் வருது! யோகம், கொஞ்சம் அரக்கி நில்."

அரக்கி நின்றார்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் அரக்கினார்.

"உன்ர சீலை மரத்துக்கு முன்னால வருது. அங்கால, அந்தப் படகு கட்டுற பாலத்துக்குப் போ. நான் தண்ணியை மட்டும்தான் எடுக்கிறன், மேல ஒண்டும் விழாது."

யோகம்மா மரப்பாலத்தின் நுனிக்குப் போய் நின்றார். இதற்கு மேல் அரக்கினால் ஏரிக்குள்தான். குளிரில் கை விறைத்தது. தங்கையின் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு பொறுத்தார்.

அப்போது அது நடந்தது. காற்று அடியோடு நின்றது. வெயில் மேகத்தை விலக்கி எட்டிப் பார்த்தது. வானமலை, அதன் சிவப்பு, மஞ்சள், மண்ணிறம் எல்லாவற்றோடும் தண்ணீருக்குள் அப்படியே இறங்கி நின்றது. நித்தியானந்தன் மூச்சைப் பிடித்தார். அழுத்தினார், அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். அதே வேளையில், கரையேறியிருந்த தாராக்களில் தலைவிபோல் இருந்த ஒன்று, அவருடைய பின்பொக்கற்றில் றோல்ஸ் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டது. முதலில் மெதுவாகக் கொத்தியது. பிறகு உரிமையோடு கொத்தியது. அவர் அசையவில்லை. இப்படி ஒரு வெளிச்சம் இனி எப்போது வரும்? பல்லைக் கடித்துக்கொண்டு, பின்பக்கத்தைத் தாராவுக்கும் கண்ணை மலைக்கும் கொடுத்துவிட்டுக் கிடந்தார். யார் சொன்னது இந்த இனத்துக்குத் தியாகம் தெரியாதென்று?

"ஃபா, நு ஸ்டொப்பர் து!" என்று, போதும் அப்பா என்கிற அர்த்தத்தில், கிருசாந்தி வெட்கத்தில் கத்தினாள்.

வெளிச்சம் போனது. தாராவும் வந்த காரியம் முடித்துப் போனது. நித்தியானந்தன் எழுந்து, உடம்பெல்லாம் சேறாக, வெற்றி வீரனாக நின்றார்.

"இப்ப வா யோகம், உன்னை எடுப்பம்."

யோகம்மா வந்து நின்றார். அவர் கமராவைத் தூக்கினார். கமரா கிர்ரென்றது. இடமில்லையாம், நிரம்பிவிட்டதாம்.

"ஒண்டை அழியுங்கோவன்" என்றார் யோகம்மா.

மிகச் சின்ன விசயம்தானே? நூற்றுக்கணக்கான ஏரிகளுக்குள் ஒரு ஏரி. அவரும் அழிக்கத்தான் நினைத்தார். முதலாவதைப் பார்த்தார்: இதில் ஓரத்து மரம் நன்றாக இருக்கிறது. இரண்டாவது: இதில் நிறம். மூன்றாவதில் மேகத்தின் வால். அடுத்ததில் அந்த வாலும் இல்லை, அதுதான் அதன் சிறப்பு. ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, அடுத்ததுக்குப் போய், திரும்ப முதலாவதுக்கு வந்து, ஒருவழியாக ஒன்றைத் தெரிவு செய்து, அதன் மேல் விரலை வைத்த நேரத்தில் கமராவின் திரை கறுத்தது. பற்றறி செத்துவிட்டது.

யோகம்மா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டார். யக்கற்றைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார். சண்டை பிடித்தால் சமாளிக்கலாம். நித்தியானந்தனுக்கு அதில் நல்ல அனுபவம் உண்டு. சண்டை பிடிக்காமல் காரில் ஏறுகிறவரை என்ன செய்வது? வீட்டுக்குப் போய்ப் பற்றறி ஏற்றிவர நேரமில்லை. நகரத்துக்குள் வந்தபோது யோகம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "முழங்கைப் படம் கமராவிலயும் கிடக்கும், அதையெண்டாலும் அடிப்பம். என்ர கை எண்டாவது அவளுக்குத் தெரியட்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரைக் குத்தியது.

கடைக்குள் படம் அச்சடிக்கிற மெசினில் கமராவின் அட்டையைச் சொருகினார்கள். திரையில் ஏரி வந்தது. பிறகு ஏரி. பிறகு ஏரி. பின்னால் நின்ற கடைக்காரப் பெண் மணிக்கூட்டைப் பார்த்து, பூட்டப் போகிறோம் என்று மரியாதையாகச் சொன்னாள். நித்தியானந்தன் தள்ளிக்கொண்டே போனார். தான் எடுத்த ஏரிகள் மீது வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்கு எரிச்சல் வந்தது. சித்திரை மாதத்தில் எப்படி ஒரு முகத்தைத் தேடினாரோ அப்படியே தேடினார். அப்போது கடலுக்கு அப்பால் இருந்தவளைத் தேடினார். இப்போது தேடியது பக்கத்தில், தோள் முட்ட நிற்கிறவரை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஃபா, ஸே!" என்று, பாருங்கள் அப்பா என்கிற அர்த்தத்தில், கிருசாந்தி திரையில் விரலைக் குத்தினாள். "அம்மா!"

தண்ணீருக்குள் கிடந்த மலைக்குப் பக்கத்தில், குங்கும நிறத்தில், தலை கீழே கால் மேலே, யோகம்மா தொங்கிக்கொண்டிருந்தார். பாலத்தை நித்தியானந்தன் படத்துக்கு வெளியே தள்ளிவிட்டார். தண்ணீரில் விழுந்த அதன் நிழலைத் தள்ள மறந்துவிட்டார். மலையைத் தவிர வேறெதையும் பார்க்கிற பழக்கம் இல்லாததால் அவர் கண்ணில் அது படவே இல்லை. கிருசாந்தி ஒரு பொத்தானை அழுத்திப் படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். இன்னொன்றை அழுத்திப் பெரிதாக்கினாள். இப்போது மலை நிமிர்ந்து நின்றது. அதற்குப் பக்கத்தில், மலையைவிட உயரமாக யோகம்மா நின்றார். லேசாக அலையடித்தார், அவ்வளவுதான். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார், கண் சுருங்க, பல் தெரிய, கை நெஞ்சில்.

"எப்ப சிரிச்சனீ?" என்றார் நித்தியானந்தன். வருடக்கணக்காக அந்தச் சிரிப்பை அவர் பார்த்திருக்கவில்லை.

"தாரா கொத்தேக்க" என்றார் யோகம்மா.

பின்னேரம் கபிலன் வந்தான். படத்தை உறையோடு வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான். தேத்தண்ணி உடனேயே வந்ததில் கொஞ்சம் பயந்தும் போனான்.

இரண்டு மூன்று கிழமை கழித்து முகாமிலிருந்து போன் வந்தது.

"அக்கா, படம் கிடைச்சுது. ஏன் சீலைத் தலைப்பை வலது தோளில போட்டிருக்கிறாய்? டென்மார்க்கில அப்பிடியே கட்டுறது?"

"அது தண்ணியில விழுந்த நிழலடி, பக்கம் மாறி..."

"உன்ர மச்சமும் மற்றக் கன்னத்துக்குப் போட்டுது. நான்தான் மறந்துபோனனோ எண்டு பயந்திட்டன். அதை விடு. பெரியம்மா என்னத்துக்கு இப்பிடிச் சிரிக்கிறா எண்டு பிள்ளையள் கேக்குதுகள்."

யோகம்மா குரலைத் தாழ்த்தினார். "அத்தானை ஒரு தாரா கொத்தினது."

"எங்க?"

"பின்னால."

அந்தப் பக்கத்தில் அருமைநாயகி சிரிக்கத் தொடங்கினாள். பக்கத்தில் நின்ற யாருக்கோ சொன்னாள், அவர்களும் சிரித்தார்கள். சண்டை இறுகிய பிறகு தங்கை சிரித்து யோகம்மா கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். எதிரே கதிரையில் இருந்த நித்தியானந்தனுக்கு, தன் பின்பக்கம் வவுனியா வரை போய்விட்டது விளங்கியது. ஆனாலும் கோபம் வரவில்லை. இன்னும் ஒருமுறை கொத்தினாலும் பரவாயில்லை என்றே இருந்தது.

திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். நீங்கள் இன்னும் இந்த இனத்தை அறியவில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுபோய், நிழலில் முகம் பிடிப்பது கமராக் கலையில் மிகக் கடினமான வித்தை என்றும், தான் பல மாதம் திட்டமிட்டு எடுத்தது என்றும் விளக்கினார். மறு வாரமும் ஏரிக்கரையில் குப்புறக் கிடந்தார். "யோகம், கொஞ்சம் அரக்கி நில்" என்றார். யோகம்மா மறுபேச்சில்லாமல் அரக்கி நின்றார். எங்கே நின்றால் தன் நிழல் தண்ணீரில் விழும் என்பது இப்போது அவருக்குத் தெரியும். கணவரின் பின்பொக்கற்றில் ஒரு றோல்ஸையும் அவரே சொருகி அனுப்பியிருந்தார்.

பாவம் மனுசன் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடிந்ததும் உங்கள் கைத்தொலைபேசியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். அந்தி வானம் இருக்கும், மழைத்துளி விழுந்த இலை இருக்கும், தின்ன முன்பு எடுத்த புட்டும் மீன்பொரியலும் இருக்கும். அதே புட்டை அவித்தவரின் முகத்தைத் தேடுங்கள். கிடைக்கவில்லையா? படத்தைத் தலைகீழாகப் பிடித்தும் ஒருமுறை பாருங்கள்.